மூன்று கைகளும் ஒரு டீக்கெண்டி ஓட்டையும்

வின்டன், சௌத்லாந்து
ஜூலை மாதம், திங்கட்கிழமை காலை

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஏவரில் அக்காவுக்கு,

உங்கள் தங்கை நோயலீனின் கணவன் முர்டோ எழுதிக்கொண்டது. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது என்பதால் யார் என்று சொல்லிவிடுவது நல்லது. இங்கே நானும் நாயும் கடையும் உயிரோடு இருக்கிறோம். அங்கே நீங்களும் உங்கள் புது முட்டியும் என் மனைவியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நெல்சனில் வெயில் அடிக்கிறதாமே, கொடுத்து வைத்தவர்கள். இங்கே நடுக்குளிர்காலம், குழாயில் உறைந்த தண்ணீர் இளகி வருவதற்குப் பத்து மணி ஆகிறது. இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து நோயலீன் இல்லாத அறையில் உட்கார்ந்து படிக்கவும். அவள் உள்ளே வந்தால் மின்சார பில் என்று சொல்லவும்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததிலிருந்து பத்து நாளைக்கு உங்கள் கால் குணமாகக் கூடாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிய வேண்டும் என்று தேவாலயத்தில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அப்போது இவ்வளவு சீக்கிரம் நடப்பீர்கள் என்று யாருக்குத் தெரியும்? நேற்று நோயலீன் போனில், "அக்கா மாடிப்படி ஏறிட்டா, நான் வெள்ளிக்கிழமை கிளம்பிடறேன்" என்றாள். "ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவன் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் ஆரம்பத்திலிருந்துதான் சொல்ல வேண்டும்.

நான் லாரியை விட்டு இறங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. முப்பத்தெட்டு வருஷம் ஆடு ஏற்றியவன். காலை ஒன்பதுக்கு நோயலீன் தன் கம்பளி நூல் கடைக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் வருவாள். நடுவில் நானும் ரொட்டி வாட்டும் மெஷினும்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். போன வருஷம் ஒரு நாள் உதவி செய்கிறேன் என்று கடைக்குப் போனேன். அலமாரியில் நீல நூல்கண்டுகள் நாலு இடத்தில் சிதறிக் கிடந்தன. நல்ல மனசோடு நீலத்தை எல்லாம் ஒரே தட்டில் அழகாக அடுக்கினேன். ஒவ்வொரு கண்டிலும் சாயத் தொட்டியின் எண் இருக்கும், ஒரு தொட்டி நீலமும் இன்னொரு தொட்டி நீலமும் ஒரே ஸ்வெட்டரில் சேர்ந்தால் வெயிலில் நடுவே கோடு தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்த எண் இருந்த சீட்டுகளை நான் கிழித்துக் குப்பையில் போட்ட பிறகுதான் சொன்னாள். அன்றோடு எனக்குக் கடைக்குள் தடை. இப்போது உங்கள் முட்டிக்காக அவள் கிளம்ப வேண்டி வந்ததும் வேறு ஆள் இல்லாமல் சாவியை என்னிடம் கொடுத்தாள். "ஏழு சனிக்கிழமை. எதையும் அடுக்காதே, எதையும் சுத்தம் பண்ணாதே. இதை மட்டும் ஒழுங்கா முடிச்சுக் காட்டு. அப்புறம் செவ்வாயும் வியாழனும் கடை உன்னோடது" என்றாள். அக்கா, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தச் செவ்வாயும் வியாழனும் வேண்டும்.

ஏழு சனிக்கிழமை என்பது மர்மப் பின்னல். உங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் ஒழுங்காகச் சொன்னால்தான் என் நிலைமை புரியும். குளிர்காலம் வந்தால் நோயலீன் ரகசியமாக ஒரு உடுப்பை யோசித்து வைப்பாள். அது என்ன என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் ஒரே அளவு நூல் வாங்கிக்கொள்வார்கள். சனிக்கிழமைக்கு ஒரு காகித உறை. அதற்குள் அந்த வாரத்துக்கான பின்னல் குறிப்பு மட்டும். ஏழாவது உறையைப் பின்னி முடித்தால்தான் பொருள் என்னவென்று தெரியும். நடுவில் 'இது என்ன' என்று கேட்கக் கூடாது. கேட்டவர் மறு வாரம் அத்தனை பேருக்கும் சீஸ் ரோல், அதாவது சீஸ் தடவிச் சுருட்டிய ரொட்டி, சுட்டுக்கொண்டு வர வேண்டும். இந்த வருஷம் கடைக்கு வந்து வாங்குகிறவர்கள் பதினைந்து பேர், தபாலில் வாங்கும் வெளியூர்க்காரர்கள் எட்டுப் பேர். நோயலீன் ஏழு வாரத் தாள்களையும் ஒரு பெட்டியில் ரப்பர் வளையம் போட்டு வைத்துவிட்டு, தபாலுக்கான முகவரிச் சீட்டுகளைக்கூட அச்சடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஒரு குழந்தையால்கூடச் செய்ய முடிகிற வேலை.

முதல் சனிக்கிழமை பிரமாதமாகப் போனது. அந்தத் தெம்பில் திங்கட்கிழமை, கடைக்குச் சூடு தருவதற்குச் சுவரில் மாட்டியிருக்கும் ஹீட் பம்ப்பைச் சுத்தம் செய்தேன். சுத்தம் செய்யாதே என்று அவள் சொன்னது கடையைத்தான், ஹீட் பம்ப்பை அல்ல என்று நினைத்துக்கொண்டேன். மூடியைக் கழற்றியதும் ஒரு வாளித் தண்ணீர் நேராகக் கீழே இருந்த வாரத் தாள் பெட்டிக்குள் விழுந்தது. பெட்டிக்குக் கீழே நோயலீனின் பழைய குறிப்புகள் வைத்திருக்கும் இழுப்பறை, அதுவும் நனைந்தது. பதறிப்போய் அத்தனை தாளையும் துணி காயப்போடும் கம்பியில் போட்டேன். காய்ந்தன. ஆனால் எந்தத் தாள் எந்த வாரம் என்று மூலையில் எழுதியிருந்த எண் எல்லாம் நீல மேகமாகிவிட்டது. மர்மப் பின்னல் தாளும் பழைய இழுப்பறைத் தாளும் ஒன்றோடொன்று கலந்து கம்பியில் ஆடிக்கொண்டிருந்தன.

அப்போதே போன் செய்திருக்க வேண்டும், தெரியும். ஆனால் அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரு தாளின் அடியில் 'இப்போது ஊசியில் 64 கண்ணிகள் இருக்க வேண்டும்' என்று இருக்கிறது. இன்னொரு தாளின் தலையில் '64 கண்ணிகளில் தொடங்கவும்' என்று இருக்கிறது. அக்கா, லாரிக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்த வண்டியின் கொக்கி அந்த டிரெய்லரில் மாட்டினால் அது அந்த வண்டிக்குரியதுதானே? உட்கார்ந்து தாள் தாளாகக் கொக்கி பார்த்து மாட்டினேன். ஒன்று விடாமல் மாட்டியது. அன்று சாயந்திரம் ஆறு மணிக்கு நோயலீன் வழக்கம்போல் போன் செய்து "எப்படிப் போகுது?" என்று கேட்டபோது "நல்லாப் போகுது" என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை.

மூன்றாவது சனிக்கிழமைதான் முதல் சந்தேகம் வந்தது. உறை வாங்க வந்தவர்கள் அதுவரை பின்னியதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். அகலமான முதுகு, அதன் உச்சியில் ஒரு உருண்டையான மேடு, மேட்டின் ஒரு பக்கம் சின்ன ஓட்டை, எதிர்ப்பக்கம் பெரிய ஓட்டை. எனக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம். வீட்டுக்குப் போய் டீ போடும்போது தெரிந்தது: எங்கள் டீக்கெண்டியின் கம்பளி உறை. மூக்குக்கு ஒன்று, கைப்பிடிக்கு ஒன்று. ஆனால் கடையில் இருந்தவர்கள் யாரும் டீக்கெண்டியை நினைக்கவில்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் வேலை செய்யும் மெரே டிப்பெனேதான் வாயைத் திறந்தாள்.

"தோரா, இந்த ஓட்டை..."

"மெரே!" என்றார் தோரா புல்லர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், குரலுக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

"நான் ஒண்ணும் கேக்கலையே. ஓட்டை இருக்குன்னு சொன்னேன். சொன்னாக்கூட தண்டனையா?"

"நீ சொன்னது கேள்வி மாதிரி இருந்துச்சு."

"உங்களுக்காவது ஓட்டை வந்துச்சு" என்றான் கிளைவ் ஹோஸ்கின். ஆறடி நாலங்குல உயரம், நானூறு மாடு, டிராக்டரில் உட்கார்ந்து பின்னுகிறவன். "எனக்கு வரல. சரி, எங்கயோ தப்புப் பண்ணிட்டோம்னு முழுசா பிரிச்சு, ஓட்டை வர்ற வரைக்கும் மறுபடி மறுபடி பின்னினேன்."

"அது தோள்ல காத்துப் போறதுக்கு" என்றார் தோரா. "நோயலீன் யோசிக்காம எதையும் செய்யமாட்டா. வாங்கிட்டுக் கிளம்புங்க எல்லாரும்."

இதுதான் அக்கா என்னைக் கெடுத்தது. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், "இதென்ன கண்றாவி" என்று கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே விழுந்து ஒப்புக்கொண்டிருப்பேன். கேட்பதற்குத்தான் தடையாயிற்றே! மூன்றாவது உறையில் ஒரு சட்டைக் கை வந்தது, எல்லோருக்கும் மூச்சு வந்தது. நான்காவது உறையில் நாய்ச் சட்டையின் வயிற்றுப்பக்கம் வந்தது, முன்னங்கால்களுக்கு இரண்டு துளையோடு. கிளைவ் அதைத் தன் நாய்க்கே போட்டுப் பார்த்திருக்கிறான். "போட்டதும் அப்படியே உக்காந்துடுச்சு முர்டோ. எழுந்திரிக்கவே மாட்டேங்குது. அதுலேர்ந்து ஒரு ஆடுகூட அதுக்குப் பயப்படறதில்ல" என்றான். குறை சொல்லவில்லை, தகவல் சொன்னான்.

ஐந்தாவது உறையில் இன்னும் இரண்டு கைகள் வந்துவிட்டன. நனைந்த தாளில் 'இதேபோல் இன்னொன்று' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆக மொத்தம் மூன்று. அடுத்த சனிக்கிழமை, அதாவது நேற்று முன்தினம், பதினைந்து பேரும் மேசையைச் சுற்றி நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோரா கையை எண்ணினார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எண்ணினார், என்னைப் பார்த்தார்.

"முர்டோ."

"சொல்லுங்க தோரா."

கேட்க வாயைத் திறந்தார். பத்தொன்பது வருஷ மர்மப் பின்னலில் ஒரு தடவைகூடக் கேள்வி கேட்டுச் சீஸ் ரோல் சுடாதவர். "இன்னிக்குக் குளிர் கொஞ்சம் அதிகம், இல்ல?"

"ஆமா தோரா, அதிகம்தான்."

"அவ்வளவுதான் எனக்குத் தெரியணும்" என்று சொல்லி உறையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மெரேதான் வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "பொறுக்க முடியல. மூணாவது கை யாருக்கு? சீஸ் ரோல்தானே, நாப்பது சுட்டுக் கொண்டு வரேன், சொல்லித் தொலை!" என்று கத்தினாள். "மர்மம்" என்றேன். மறுபடியும் "நல்லாப் போகுது" என்றேன் ஆறு மணிக்கு.

இரண்டு நாளைக்கு ஜன்னலில் மாதிரிக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று மெரே தான் பின்னியதைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அன்று பகல் எல்லோரும் போன பிறகு, இது யாருக்குத்தான் பொருந்தும் என்று பார்ப்பதற்காக நானே தலையில் மாட்டினேன். தலை நாய்க்கால் துளை வழியாகப் பாதி வந்து நின்றுவிட்டது. ஒரு கை சட்டைக் கைக்குள் போனது, இன்னொரு கை டீக்கெண்டி மூக்கு வழியாக வெளியே போய்த் திரும்பி வர மறுத்தது. மீதி இரண்டு கைகள் முதுகில் தொங்கின. அந்த நேரம் பார்த்துக் கதவு மணி அடித்தது.

"யாரு உள்ள?" என்றது ஒரு பெண் குரல்.

"முர்டோ."

"நோயலீன் இல்லையா?"

"நெல்சன்ல. அக்காவுக்கு முட்டி."

"அடடா. கருநீலப் பொத்தான் ஆறு வேணுமே."

எடுத்துக் கொடுத்தேன் அக்கா, மூக்கு வழியாக வந்த கையால். வாங்கிக்கொண்டு, "நோயலீனை விசாரிச்சதா சொல்லுங்க" என்று போய்விட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியுமே. அடுத்தவன் எதற்குள் நின்றுகொண்டிருக்கிறான் என்று கேட்பது மரியாதையில்லை. கடைசியில் நானே முட்டி மோதி, அரை மணி நேரம் போராடி வெளியே வந்தேன். அந்த அரை மணி நேரம் எனக்குக் கொஞ்சம்கூடக் குளிரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது கழுத்துக்குக் கத்தி வந்துவிட்டது. ஆறாவது உறையில் பாதிச் சால்வை ஒன்று போனது. அதன் கடைசி வரி 'இப்போது ஊசியில் 118 கண்ணிகள்'. 118 கண்ணியில் தொடங்கும் தாள் இந்த வீட்டிலும் இல்லை, கடையிலும் இல்லை. இழுப்பறையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன், நோயலீனின் சமையல் புத்தகத்தைக்கூட உதறிப் பார்த்துவிட்டேன். இருபத்துமூன்று பேர் ஊசியில் நூற்றுப்பதினெட்டுக் கண்ணியோடு உட்கார்ந்திருக்கப் போகிறார்கள். இந்தச் சனிக்கிழமை ஏழாவது உறை கொடுத்தாக வேண்டும். அதற்கு அடுத்த சனிக்கிழமை ஊர் நினைவு மண்டபத்தில் மர்மப் பின்னலுக்கான தேநீர் விருந்து. எல்லோரும் அதைப் போட்டுக்கொண்டு வரிசையாக நிற்க வேண்டும், உள்ளூர்ப் பத்திரிகைக்குப் படம் எடுப்பார்கள். நோயலீன் வெள்ளிக்கிழமை வந்து இதைப் பார்த்தால் என் செவ்வாயும் போச்சு, வியாழனும் போச்சு. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். பத்தொன்பது வருஷமாக அவள் பேச்சை நம்பி கண்ணை மூடிக்கொண்டு பின்னுகிறவர்கள் இவர்கள். அந்த நம்பிக்கையை நான் ஆறே வாரத்தில் மூன்று கையாக்கி வைத்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் கையெடுத்துக் கேட்கிறேன். தேநீர் முடிகிற வரை, பத்தே நாள், அவளை அங்கே பிடித்து வையுங்கள். அவள் வந்தவுடன் நான் எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன். முடிந்துபோன பொருளைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மாடிப்படியில் மூன்றாவது படியில் நின்று "அம்மா" என்று ஒரு குரல் கொடுங்கள், போதும். முட்டி டக் டக் என்று சத்தம் போடுகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அது பொய்கூட இல்லை; தினமும் போனில் நோயலீன் பேசும்போது பின்னால் அந்த டக் டக் எனக்கே நன்றாகக் கேட்கிறது. இவ்வளவு சத்தம் வரும் முட்டியோடு உங்களைத் தனியாக விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வராது.

உங்கள் கால் பத்து நாள் கழித்து, அதாவது ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து, மான் கால் மாதிரி ஓட வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், அதற்கு முன்னால் கொஞ்சம் வலியும் தரட்டும். நாய் உங்களை விசாரித்தது.

என்றும் உங்கள் கடமைப்பட்ட,
முர்டோ கால்பிரெய்த்

பின்குறிப்பு: திங்கட்கிழமை மதியம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு உங்கள் முகவரி தேடினேன். என் கையெழுத்து தபால்காரருக்குப் புரியாது என்பதால், அச்சடித்த சீட்டு ஏதாவது இருக்குமா என்று நோயலீனின் தபால் சீட்டுக் கற்றையை எடுத்தேன். எட்டு வெளியூர்க்காரர்கள், ஆறு வாரம் ஒட்டியாயிற்று, ஏழாவது வாரத்துக்கு எட்டுச் சீட்டு மிச்சம் இருந்தது. அதில் ஐந்தாவது சீட்டில் உங்கள் பெயர். முப்பத்தெட்டு வருஷத்தில் எந்த ஆட்டையாவது பெயர் கேட்டு ஏற்றினேனா? அதே மாதிரி இதையும் படிக்காமலேயே ஒட்டி அனுப்பியிருக்கிறேன். வாரா வாரம். உங்களுக்கு. என் மனைவி உட்கார்ந்திருக்கும் அதே சோபாவுக்கு.

உடனே போன் செய்தேன். அவள்தான் எடுத்தாள்.

"நோயலீன், அக்காவுக்கு நம்ம உறை வருதா?"

"வருதே."

"நீ பாத்தியா?"

"ரெண்டாவது உறையிலயே பாத்தேன். டீக்கெண்டி உறைக்கு என் கையால எழுதின குறிப்பு எனக்குத் தெரியாதா மனுஷா?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"அக்காவுக்குக் கை வலிச்சா நான் வாங்கிப் பின்றேன், எனக்கு வலிச்சா அவ பின்றா. மூணாவது கை வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல அவ தையல் பிரிஞ்சிடும்னு பயந்துட்டோம். பத்தொன்பது வருஷமா இந்த மர்மத்தை மத்தவங்களுக்குப் போட்டுக் குடுத்திருக்கேன் முர்டோ. எனக்கு யாராவது ஒரு தடவை போட்டுக் குடுத்திருக்காங்களா? அடுத்து என்னன்னு தெரியாம பின்றது எப்படி இருக்கும்னு இப்பதான் தெரியுது."

"நோயலீன், ஒரு விஷயம் சொல்லிடறேன். ஏழாவதுல என்னன்னா..."

"சொல்லாதே!" என்று அலறினாள். "வாயத் திறந்தே, சீஸ் ரோல் நீதான் சுடணும்! நான் வெள்ளிக்கிழமை கிளம்பல. ஏழாவது உறை இங்க வந்து, நானே பிரிச்சுப் பின்னி முடிச்சுட்டுத்தான் தேநீருக்குக் கிளம்பி வருவேன். செவ்வாய், வியாழன் எல்லாம் அதைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

ஆகவே அக்கா, மேலே எழுதியது அனைத்தையும் மறந்துவிடுங்கள். முட்டி குணமாகட்டும், மாடிப்படி ஏறுங்கள், டாக்டரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அந்த டக் டக் பின்னல் ஊசிச் சத்தம்தான் என்று தெரிந்துவிட்டது. ஒரே ஒரு உதவி மட்டும். இந்தக் கடிதம் புதன்கிழமை கிடைத்துவிடும். நோயலீன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, பின்னியவரைக்கும் அதை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எந்த இடத்தில் குளிர் உள்ளே வருகிறது என்று மட்டும் எனக்குப் போனில் சொல்லுங்கள். ஏழாவது வாரத் தாளை நானே எழுதி அந்த இடத்தை அடைத்துவிடுகிறேன்.